கல்லை எடுத்த பிறகு: ஹாட் ஸ்டோன் மசாஜ் முடிந்து மயங்கிய ஒருவர்

58 வயது ஆண். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. கழுத்தும் மேல்முதுகும் இறுகிக் கிடக்கின்றன என்று 90 நிமிட ஹாட் ஸ்டோன் மசாஜுக்குப் போனார். மசாஜில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. முடிந்து கால் மணி நேரத்துக்குள் குளியலறையில் கண் இருட்டிக்கொண்டு வந்து சரிந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு இன்னொரு முறை தள்ளாடினார். மறுநாள் முதுகு முழுக்க வலி, வலது தோள்பட்டை எலும்புக்கு மேல் ஒரு கொப்புளம். மூன்றாம் நாள் என்னிடம் வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "உள்ளே இருந்த நச்செல்லாம் வெளியே போகிறது, அதனால்தான் இப்படி இருக்கிறது என்கிறார்களே, நிஜமா?"

நான் பிசியோதெரபிஸ்ட். அவருடைய சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் விவரங்களைச் சொல்கிறேன். மசாஜுக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்று தனக்குச் சொல்லப்பட்டதை அவர் ஒன்று விடாமல் செய்திருந்தார். நிறையத் தண்ணீர் குடித்தார், வெந்நீரில் குளித்தார், வலித்த இடத்தில் தைலம் தேய்த்தார். இவற்றில் இரண்டு அவருக்கு நேரடியாகக் கெடுதல் செய்தன. மூன்றாவது தவறான நேரத்தில், தவறான அளவில் நடந்தது. அவர் கவனித்திருக்க வேண்டியவை வேறு: முதல் அரை மணி நேரத்தில் ரத்த அழுத்தம், முதல் சில மணி நேரத்தில் தோல். இந்த இரண்டைப் பற்றியும் அவரிடம் யாரும் பேசவில்லை.

அன்று நடந்தது

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர். ப்ராஸ்டேட் வீக்கத்துக்காக இரவில் டாம்சுலோசின். சர்க்கரை நோய் இல்லை. படிவத்தில் 'ரத்த அழுத்தம்' என்ற கட்டத்தில் டிக் செய்து, 'கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதியிருக்கிறார். ப்ராஸ்டேட் மாத்திரைக்கும் மசாஜுக்கும் என்ன சம்பந்தம் என்று அதைக் குறிப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வேலை அவசரத்தில் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் பாதி குப்புறப் படுத்து. எண்ணெய் தடவி, சூடான கற்களால் முதுகை நீவினார்கள். அப்புறம் முதுகுத்தண்டின் இரு பக்கமும் வருமாறு மேசையில் வரிசையாகக் கற்களை அடுக்கி, மேலே துண்டை விரித்து, அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். வலது தோள்பட்டைப் பக்கம் ஒரு கல் கொஞ்சம் அதிகமாகவே சுட்டது. "சூடு இருந்தால்தானே இறுக்கம் விடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மரத்ததுபோல் ஆகிவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

முடிந்ததும் தெரபிஸ்ட் "மெதுவாக எழுந்திருங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஒரே வீச்சில் எழுந்து, மேசையிலிருந்து இறங்கி, பேசிக்கொண்டே நடந்தார். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும் என்று நேராக வெந்நீர் ஷவர். ஐந்தாறு நிமிடத்தில் காது அடைத்தது, கண் இருட்டியது, சுவரைப் பிடித்தபடி சரிந்தார். இடுப்பில் கன்றிப்போனது, தலையில் அடியில்லை. தரையிலேயே சிறிது நேரம் படுத்திருந்ததும் தெளிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, மயக்கம் வந்ததற்குத் தண்ணீர் போதாததுதான் காரணம் என்று முடிவு செய்து, மாலையிலிருந்து தூங்கப் போகும் வரை மூன்று லிட்டருக்கு மேல் குடித்திருக்கிறார். வழக்கம்போல் டாம்சுலோசின். நள்ளிரவுக்கு மேல் சிறுநீர் முட்டி எழுந்து ஓடியவர் கழிப்பறை வாசலில் மறுபடியும் தள்ளாடி, கதவைப் பிடித்துத் தப்பித்தார். காலையில் முதுகு வலிக்க, மனைவி சூடேற்றும் தைலத்தை நன்றாகத் தேய்த்துவிட்டார். தோள்பட்டையில் சிவந்திருந்த இடம் உட்பட. மாலையில் அங்கே கொப்புளம்.

பரிசோதனை

படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 132/80. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 110/72. மூன்றாவது நிமிடத்தில் 114/74. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ அதை நிலைமாற்றத் தாழ் ரத்த அழுத்தம் என்பார்கள். இவருக்கு 22 இறங்குகிறது. கல்லின் சூடு தணிந்து மூன்று நாளான பிறகும் இதுதான் நிலை. அதாவது இந்தக் குறை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. மசாஜ் அதை வெளியே கொண்டுவந்தது.

தோள்பட்டை எலும்பின் உள் ஓரத்தில் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குச் சிவப்பு, நடுவே உடையாத கொப்புளம், தொட்டால் வலி. முதுகுத் தசைகளில் அழுத்தினால் நோவு. பலவீனமோ மரத்துப்போதலோ இல்லை. கால்களில் வீக்கம் இல்லை, சிறுநீர் நிறம் இயல்பு என்றார். கடைசி இரண்டையும் கேட்டதற்குக் காரணம் பிறகு வரும்.

ஏன் மயங்கினார்

நாம் எழுந்து நிற்கும்போது 500 முதல் 800 மில்லிலிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுபிடித்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தைச் சற்று வேகமாக அடிக்க வைக்கின்றன. நமக்குத் தெரியாமலே சில நொடிகளில் இது நடந்து முடிகிறது.

இவர் விஷயத்தில் அந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு கண்ணியும் தளர்ந்திருந்தது. கல்லின் சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்திருந்தன. ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்து, நரம்பு மண்டலம் ஓய்வுப் பக்கம் சாய்ந்திருந்தது. குழாயைச் சுருக்கு என்ற கட்டளை தாமதமாகவும் மெலிதாகவும் வரும் நிலை. அம்லோடிபின் சிறிய தமனிகளைத் தளர்த்தும். டாம்சுலோசின் ஆல்ஃபா தடுப்பான் வகை. ப்ராஸ்டேட்டைக் குறிவைத்துக் கொடுப்பதுதான் என்றாலும், நிற்கும்போது குழாய்கள் சுருங்குவதையும் சிலருக்கு ஓரளவு தடுத்துவிடும். வயிறும் காலி. இவ்வளவுக்கும் மேலே வெந்நீர் ஷவர்: இன்னொரு சுற்றுச் சூடு, அதுவும் நின்றபடி. ஷவரின் கீழ் அசையாமல் நிற்பவருக்குக் கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும் உதவிகூடக் கிடைப்பதில்லை.

இவற்றில் எந்த ஒன்றும் தனியாக அவரை விழவைத்திருக்காது என்பது என் கணிப்பு. போன் அடித்தபோதுகூட அவர் விழவில்லை, நடந்துகொண்டிருந்தார். வெந்நீரில் நின்றதுதான் கடைசிச் சுமை.

"மெதுவாக எழுந்திருங்கள்" என்பது நல்ல அறிவுரைதான், ஆனால் அதில் அளவே இல்லை. கேட்பவருக்கு மெதுவாக என்றால் பத்து நொடி. என் நோயாளிகளிடம் நான் சொல்வது இது: ஒருக்களித்துப் படுத்து ஒரு நிமிடம். பிறகு கையை ஊன்றி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம். அப்போது தலை லேசாக இருந்தால் மறுபடியும் படுத்துவிட வேண்டும். எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று முயலக் கூடாது. நின்ற பிறகு ஏதாவது ஒன்றைப் பிடித்தபடி ஒரு நிமிடம். பாதத்தில் எண்ணெய் இருந்தால் முதலில் அதைத் துடைக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், மயக்கமே இல்லாமல் வழுக்கி விழுகிறவர்களும் உண்டு. குளியலுக்கு அவசரமில்லை. ஒரு மணி நேரமாவது போகட்டும், அதுவும் வெதுவெதுப்பான நீரில். வண்டியை எடுப்பதும் அப்படித்தான். மசாஜ் முடிந்த சொகுசில் வரும் அரைத்தூக்கம் ஓட்டுநர் இருக்கையில் ஆபத்து. அன்றைக்கு மது வேண்டாம் என்று சொல்வதன் காரணமும் இதே: மதுவும் ரத்தக் குழாயை விரிக்கும், சிறுநீரையும் கூட்டும்.

இரவு நடந்ததற்குக் கல்லைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்துக்குள் சூட்டின் விளைவு போயிருக்கும். மூன்று லிட்டர் தண்ணீர் அவரை எழுப்பியது, டாம்சுலோசின் உச்சத்தில் இருந்தது, கதகதப்பான படுக்கையிலிருந்து நேராக எழுந்து நடந்தார். நிலைமாற்றத் தாழ் அழுத்தம் உள்ளவருக்கு இவ்வளவு போதும். இரவில் எழுந்தால் கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள், உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள் என்று அவரிடம் சொன்னேன். நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது மயங்கி விழும் ஆண்கள் அரிதல்ல.

தண்ணீரும் 'நச்சும்'

அவருடைய கேள்விக்கு வருவோம். மசாஜ் தசைகளிலிருந்து நச்சுகளைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. எந்த நச்சு என்று கேட்டால் பதில் வராது. சிலர் லாக்டிக் அமிலம் என்பார்கள். கடும் உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட்டை (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) உடல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானே தீர்த்துக்கொள்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து வந்தவரின் முதுகில் அது தேங்கிக் கிடப்பதே இல்லை. 2010-இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று, பயிற்சி முடித்த தசைக்கு மசாஜ் செய்யும்போது ரத்த ஓட்டம் தடைப்பட்டு லாக்டிக் அமிலம் வெளியேறுவது குறைவதாகவே கண்டது. கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும் வேலை. அவற்றுக்குக் கூடுதலாக மூன்று லிட்டர் தேவையில்லை.

ஆனால் தண்ணீர் அறிவுரையை முழுக்கத் தூக்கிப் போடவும் முடியாது. நின்றால் ரத்த அழுத்தம் இறங்கும் குறை உள்ளவர்கள் அரை லிட்டர் தண்ணீரைச் சில நிமிடத்துக்குள் குடித்தால், அடுத்த அரை மணி நேரத்தில் நிற்கும்போதைய அழுத்தம் உயர்கிறது. இது ஆய்வுகளில் பதிவான விளைவு, நரம்பியல் மருத்துவர்கள் சிகிச்சையாகவே பரிந்துரைப்பது. ஆகவே தண்ணீர் இவருக்குத் தேவைப்பட்டது மேசையிலிருந்து இறங்குவதற்கு முன்னால், இரண்டு டம்ளர். வீட்டில், இரவில், மூன்று லிட்டர் அல்ல. மற்றவர்களுக்குத் தாகத்துக்கு ஏற்பக் குடித்தால் போதும். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் என்று தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மசாஜைச் சாக்காக வைத்து அந்த அளவை மீறக் கூடாது.

கொப்புளம்

இந்தக் கற்கள் பெரும்பாலும் பசால்ட், எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தோல் எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-இலேயே அளந்துவிட்டார்கள். தோலின் மேற்பரப்பு 44 டிகிரி செல்சியஸில் இருந்தால் புண்ணாக ஆறு மணி நேரம் ஆகும். 49 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள். 60 டிகிரியில் ஐந்தே நொடி. ஐந்து டிகிரி வித்தியாசம் மணிகளை நிமிடங்களாக்கிவிடுகிறது.

கற்களைச் சூடேற்றும் தொட்டியின் வெப்பம் பெரும்பாலும் 50 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். எண்ணெய் தடவிய முதுகில் ஓடிக்கொண்டே இருக்கும் கல் அந்தச் சூட்டிலும் சுடாது, ஏனென்றால் ஓர் இடத்தில் நிற்பதில்லை, ஒவ்வோர் இழுப்பிலும் ஆறிக்கொண்டே வருகிறது. ஓரிடத்தில் வைத்த கல்லின் கணக்கு வேறு. அதன் மேல் ஆள் படுத்தால் இன்னும் மோசம். தோலுக்கு வரும் சூட்டை அள்ளிக்கொண்டு போவது அங்கே ஓடும் ரத்தம். உடல் எடை அந்த இடத்தின் நுண்குழாய்களை அழுத்தி மூடிவிட்டால் சூடு போக வழியில்லாமல் தேங்கும். தோள்பட்டையின் ஓரம்போல் சதை குறைந்து எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தம் மிக அதிகம். இவருடைய கொப்புளம் சரியாக அங்கேதான் இருந்தது. முதுகின் மற்ற இடங்களில் ஒரு தடமும் இல்லை. மரத்துப்போனதை அவர் பழக்கம் என்று எடுத்துக்கொண்டார். அது கல்லை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டிய அறிகுறி.

ஹாட் ஸ்டோன் மசாஜ் முடிந்ததும் தோல் சிவந்திருப்பது இயல்பு. அந்தச் சிவப்பு பரவலாக இருக்கும், விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பும், வலிக்காது, ஓரிரு மணி நேரத்தில் மங்கிவிடும். கல்லின் வடிவத்தில் ஓரம் கட்டியதுபோல் தெரியும் சிவப்பு, எரிச்சலோடு இருக்கும் சிவப்பு, மாலை வரை போகாத சிவப்பு ஆகியவை தீக்காயம்தான் என்று வைத்துக்கொண்டு செயல்பட வேண்டும். முதுகை நம்மால் பார்க்க முடியாது என்பதால், வீட்டுக்கு வந்ததும் யாரையாவது பார்க்கச் சொல்வதோ போனில் படம் எடுத்துப் பார்ப்பதோ நல்லது. கண்டுபிடித்தால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். சுட்டதிலிருந்து மூன்று மணி நேரம் வரை இது பலன் தரும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். இவர் அன்று மாலையே இதைச் செய்திருந்தால் கொப்புளம் வராமலேயே போயிருக்கலாம். அதற்கு மாறாக மறுநாள் காலை தைலம் தேய்த்தார்கள். ஏற்கெனவே வெந்த தோலில் எரிச்சலூட்டும் பொருளும் உராய்வும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆனது.

புண் இல்லாதவர்களுக்கும் அன்றைக்குத் தோல் வழக்கத்தைவிட மென்மையாக இருக்கும். ஷேவிங், வாக்ஸிங், ஸ்க்ரப் எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிவைக்கலாம். வாசனை எண்ணெய் கலந்திருந்தால் என்ன எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெர்கமாட் போன்ற சில எண்ணெய்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கறுக்கும். உடலில் மருந்து ஒட்டுப்பட்டை உள்ளவர்கள், குறிப்பாக ஃபென்டனில் என்ற கடும் வலி மருந்தையோ நைட்ரோகிளிசரின் என்ற இதய மருந்தையோ ஒட்டியிருப்பவர்கள், அந்த இடத்துக்குச் சூடு போகவே விடக் கூடாது, மருந்து மளமளவென்று உள்ளே இறங்கிவிடும். இன்சுலின் போட்ட இடத்தைத் தேய்த்தாலும் சூடேற்றினாலும் அதே கதை. சர்க்கரை தாழ்ந்து வரும் மயக்கத்தை மசாஜின் அசதி என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதங்களில் சூடான கல்லே வேண்டாம் என்பேன்.

முதுகுவலி

இது மூன்றிலும் எளிய விஷயம். சூடு வலி உணர்வைக் குறைக்கும். அதனால் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தை அவர் தாங்கினார். கட்டைவிரலுக்குத் தெரியும் தசையின் எதிர்ப்பு கல்லின் வழியாகத் தெரபிஸ்டின் கைக்கு அவ்வளவு தெரியாது. பழக்கமில்லாத உடற்பயிற்சிக்கு அடுத்த நாள் வருகிற வலியின் உறவுக்காரன் இது. ஓரிரு நாளில் தானாக அடங்கும். லேசான நடை, கை கழுத்தை வலிக்காத அளவுக்கு அசைத்தல், தேவையானால் பாராசிட்டமால். அன்றும் மறுநாளும் எடை தூக்கும் பயிற்சி வேண்டாம். வலித்த இடத்தையே மறுபடி அமுக்கிவிடச் சொல்வதில் பலனில்லை.

ஆனால் காத்திருக்கக் கூடாத சில வலிகள் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக் கட்டியா என்று பார்க்க வேண்டும். சிறுநீர் கறுத்த பழுப்பு நிறமானால் தசைச் சிதைவா என்று பார்க்க வேண்டும். அழுத்தமான மசாஜுக்குப் பின் அரிதாக வந்திருக்கிறது. கழுத்தில் கை வைத்த பிறகு இதுவரை வராத மாதிரியான தலைவலியோ கழுத்துவலியோ பார்வைக் குழப்பமோ பேச்சுக் குளறலோ வந்தால் நேராக அவசர சிகிச்சை. இவரிடம் சிறுநீர் நிறத்தையும் கால் வீக்கத்தையும் கேட்டது இதற்காகத்தான்.

பிறகு

கொப்புளத்தை உடைக்காமல், சுத்தம் செய்து, வாசலின் தடவி, ஒட்டாத கட்டு போட்டோம். தைலம் நின்றது. ரத்த அழுத்த அளவுகளை எழுதிக் கொடுத்து அவருடைய மருத்துவரிடம் அனுப்பினேன். "அடுத்த தடவை அன்றைக்கு மட்டும் பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். அம்லோடிபினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 30 முதல் 50 மணி. ஒரு வேளையை விட்டால் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது, தானாக மாத்திரையை விடும் பழக்கம்தான் மிஞ்சும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும் என்றேன். மருத்துவர் அம்லோடிபின் அளவைப் பாதியாக்கினார். சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது படுத்த அழுத்தம் அதிகம் ஏறாமல், நிற்கும்போதைய இறக்கம் 8 ஆகக் குறைந்திருந்தது. இரவுத் தள்ளாட்டமும் நின்றுவிட்டது.

புண் இரண்டு வாரத்தில் ஆறியது. அந்த இடத்தில் கருமை இன்னும் இருக்கிறது; மங்குவதற்கு மாதங்கள் ஆகலாம், அதுவரை வெயில் படாமல் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் மறுபடியும் மசாஜுக்குப் போனார், இந்த முறை சாப்பிட்டுவிட்டு, இரண்டு மாத்திரைகளின் பெயரையும் படிவத்தில் எழுதி, 60 நிமிடத்துக்கு. கல்லின் மேல் படுப்பது வேண்டாம், நீவுவதற்கு மட்டும் கல் போதும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். முடிந்ததும் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, எண்ணெயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, குளிக்காமலே வீட்டுக்கு வந்தாராம்.